ஆயிலைப் பாத்தீங்களா சார்?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசியவர்கள் வெளிநாட்டு வேலை, சொந்தத் தொழில், மேற்படிப்பு என்று பெரிய பெரிய விஷயங்களைச் சொன்னார்கள். நான் பேசப் போவது வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளைப் பற்றி. சிரிக்காதீர்கள். இந்தக் கல்லூரியில் மெக்கானிக்கல் முடித்தவன் நான். பன்னிரண்டு வருஷமாக வ.உ.சி. துறைமுகத்தில் ஒரு தனியார் நிறுவனத்துக்காக கிரேன் பராமரிப்புப் பார்க்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒரு சின்ன வண்டி விஷயத்தில் செய்த தவறைத்தான் இன்று உங்கள் முன் ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. இங்கே ஒரு முழு வருஷத்தில் பெய்கிற மழையை விட அதிகம் அது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பேருடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தாமிரபரணி கரை தாண்டியது. கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி நகருக்குள் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவில் இடுப்பளவு.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு அண்ணாச்சி. உப்பளத்தில் வேலை ஓடும் மாதங்களில் உப்பள வேலை. மழைக்காலத்தில் மீன்பிடித் துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பார். எல்லாவற்றுக்கும் அவருக்கு இருப்பது ஒரே ஒரு நாலு ஸ்ட்ரோக் மொபெட். அந்த மொபெட் மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்தது. என் பைக் உயரமான திண்ணையில் நின்றதால் சக்கரத்தோடு தப்பித்தது. தண்ணீர் வடிந்ததும் பட்டனை அமுக்கினேன், பைக் ஓடியது. அந்தத் தைரியத்தில் இருந்தபோதுதான் அண்ணாச்சி வந்தார்.

"தம்பி, வண்டி மூணு நாளா தண்ணிக்குள்ள கெடந்துச்சே. அடிச்சுப் பாக்கலாமா?"

"தாராளமா அடிங்க அண்ணாச்சி. ஓடுனா அந்தச் சூட்டுலயே தண்ணி எல்லாம் காஞ்சிரும்."

நானே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். பத்துப் பதினைந்து உதை. வெள்ளைப் புகையோடு வண்டி பிடித்துக்கொண்டது. தெருவே பார்த்தது, எனக்குப் பெருமை. இரண்டு நாள் அந்த வண்டியில் தண்ணீர் கேன் சுமந்தார், நாலு வீட்டுக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றாம் நாள் முள்ளக்காடு போகும் வழியில் 'கடகட' என்று ஒரு சத்தம். வண்டி நின்றது. பிறகு உதைத்தால் கிக்கரே இறங்கவில்லை.

தள்ளிக்கொண்டு ஒரு ரோட்டோரப் பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னால ஆயிலைப் பாத்தீங்களா சார்?"

நான் பார்க்கவில்லை. அவர் அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றினார். பால் விட்ட டீ போல வடிந்தது. என்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்தால் அந்த நிறம்தான் வரும் என்று மூன்றாம் வருஷத்தில் படித்தவன் நான். அந்தக் கலவைக்கு உலோகத்தின் மேல் படலமாக நிற்கிற சக்தி கிடையாது. இரண்டு நாள் அதை வைத்தே பேரிங்கும் கேம் ஷாஃப்டும் உரசியிருக்கின்றன. கிராங்க் பேரிங் போய்விட்டது. முதல் நாளே அந்த முக்கால் லிட்டர் ஆயிலை இறக்கியிருந்தால் வண்டி பிழைத்திருக்கும்.

துறைமுகத்தில் நான் ஹைட்ராலிக் ஆயில் அளவு பார்க்காமல், செக் லிஸ்ட்டில் கையெழுத்துப் போடாமல் ஒரு கிரேனையும் எடுக்க விடமாட்டேன். ஆபரேட்டர்கள் என்னைத் திட்டுவார்கள். அதே நான் ஒரு ஏழையின் வண்டிக்கு அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்கவில்லை. ரிப்பேர் செலவு முழுவதையும் தருகிறேன் என்றேன். பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு அண்ணாச்சி சொன்னார்: "நீங்க நல்லதுக்குத்தான் தம்பி சொன்னீங்க. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் பாக்காம அடிச்சிட்டேன்."

அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இந்த வார்த்தை மறக்கவில்லை. நம் பட்டத்தை நம்பி ஒருவர் காலை உதைக்கிறார் என்றால், நாம் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். அந்தக் கடனுக்காகத்தான் இன்று நான் கற்றதை எல்லாம் உங்களிடம் சொல்கிறேன்.

முதலில், வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. சாவியைத் திருப்பாதீர்கள், பட்டனைத் தொடாதீர்கள், உதைக்காதீர்கள். காரணம் எளிது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. 100 சி.சி. என்ஜின், கம்ப்ரெஷன் ரேஷியோ 9:1 என்று வையுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சுகிற இடம் 12.5 மில்லிலிட்டர். குழந்தைக்கு மருந்து புகட்டுகிற ஒரு சங்கு அளவு. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே நின்றால் பிஸ்டனுக்குப் போக இடமில்லை. பலமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும். எங்கள் மொபெட்டில் பிளக்கைக் கழற்றியதால் அந்த ஆபத்து மட்டும் தப்பியது.

ஆகவே பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். தண்ணீர் ஏறிய கோடு தெரியும்படி போட்டோ எடுங்கள், இன்சூரன்ஸுக்கு வேண்டும். காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வெள்ளச் சேதத்துக்கு இடம் உண்டு. தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் கிடையாது. மூழ்கிய வண்டியை நாமே ஸ்டார்ட் செய்து கெடுத்த சேதத்தைப் பின்விளைவு என்று சொல்லி மறுத்துவிடுவதும் உண்டு. பிறகு நல்ல தண்ணீரில் சேற்றையும் உப்பையும் கழுவுங்கள். பழைய ஆயிலை இறக்குங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரைக் கையால் மெதுவாக அமுக்கி உள்ளே நிற்கும் தண்ணீரை வெளியேற்றுங்கள். ஏர் ஃபில்டரை மாற்றுங்கள். பெட்ரோல் டேங்கைக் காலி செய்யுங்கள். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் உண்டு, தண்ணீர் புகுந்தால் இரண்டும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். கார்புரேட்டர் வண்டி என்றால் அதன் கிண்ணத்தையும் வடியுங்கள். புது ஆயில் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதையும் இறக்கி மறுபடி புது ஆயில். பிரேக்கையும் வீல் பேரிங்கையும் பிரித்துப் பார்க்காமல் ரோட்டுக்கு எடுக்காதீர்கள்.

இரண்டாவது, நம் ஊர் உப்பு. வெள்ளம் என்றைக்கோ ஒருநாள் வருவது. உப்பு தினமும் வருகிறது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு, தமிழ்நாட்டில் முதலிடம் தூத்துக்குடி. அந்தப் பெருமை நம் வண்டியின் ரிம்மிலும் ஸ்போக்கிலும் எழுதியிருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டால் சாதா உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசிந்துவிடும். மழையே பெய்யாத மாதத்திலும் விடிகாலை சீட்டைத் தொட்டால் பிசுபிசுப்பது அதனால்தான். அந்த ஈரத்தில் குளோரைடு உலோகத்தின் காப்புப் படலத்தை உடைத்துக்கொண்டு உள்ளே போகும்.

இங்கே நம்மில் பலர் செய்யும் தவறு, போர் தண்ணீரில் வண்டி கழுவுவது. நம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. உப்பை உப்பால் கழுவினால் எப்படிப் போகும்? போரில் கழுவினாலும் கடைசி அரை வாளி நல்ல தண்ணீராக இருக்கட்டும். உடனே துணியால் துடையுங்கள். முக்கியமாக மட்கார்டின் அடிப்பக்கம், சைலன்சர் வளைவு, ஸ்போக் முடிச்சுகள், சைடு ஸ்டாண்ட் மூட்டு. பேட்டரி முனையிலும் ஒயர் கனெக்டரிலும் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்து லேசாக வாசலின் தடவுங்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததிலிருந்து பெரும்பாலான பைக்குகள் ஃப்யூயல் இன்ஜெக்ஷன். சென்சார் ஒயர் ஒன்றில் உப்புப் பூத்தாலும் வண்டி முரண்டு பிடிக்கும். லீவுக்கு ஊருக்குப் போய் மாதக்கணக்கில் வண்டியை விடும் மாணவர்கள் டேங்கை நிரப்பிவிட்டுப் போங்கள். பாதி டேங்கில் மீதி இடத்தை நம் ஊர் ஈரக்காற்று நிரப்பும், உள்ளேயே துரு ஏறும்.

மூன்றாவது, செயின். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்றே, மண்ணெண்ணெயோ டீசலோ தொட்ட துணியால் துடைத்து, காயவிட்டு, கியர் ஆயில் விடுங்கள். பெட்ரோல் வேண்டாம், தீ ஆபத்து. மிஞ்சிய ஆயிலைத் துடைத்துவிடுங்கள், டயரில் தெறித்தால் வழுக்கும். சிறிய பைக்குகளில் செயின் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தொய்வு இருக்கலாம். உங்கள் வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் அளவே சரியானது. டிரம் பிரேக்கில் கேம் துருப்பிடித்தால் பெடலை விட்டாலும் பிரேக் விடாது, அதற்குக் கிரீஸ் வேண்டும். டிஸ்க் பிரேக் என்றால் அந்தத் திரவமும் ஈரம் இழுக்கக் கூடியது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

நான்காவது, ஓட்டுவது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முறுக்காதீர்கள்; ஆயில் மேலே ஏற அரை நிமிஷம் கொடுங்கள். துறைமுகச் சாலையில் லாரிகளிலிருந்து விழும் நிலக்கரித் தூளும் உப்பும் மண்ணும் முதல் மழையில் சேர்ந்து வெண்ணெய் போல வழுக்கும். அங்கே திடீர் பிரேக் வேண்டாம். அந்தத் தூள்தான் ஏர் ஃபில்டரையும் அடைக்கும். கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் நம் ஊரில் முன்கூட்டியே பாருங்கள்.

நம் அப்பாக்கள் காலத்தில் வண்டியே அவர்களைப் பார்க்க வைத்தது. 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா திருவொற்றியூரில் செய்த புல்லட்டாகட்டும், 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 ஆகட்டும், பிளக் துடைக்கத் தெரியாமல் ஓட்ட முடியாது. 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100 வந்த பிறகு வண்டிகள் நல்லவை ஆயின. நாம் சோம்பேறி ஆனோம். வண்டி கேட்காததால் நாமும் பார்ப்பதில்லை.

இந்தக் கடலில் 1961 வரை முத்துக்குளித்தார்கள். மூழ்குகிறவருக்குக் கல்லும் கயிறும் அன்றி வேறு இயந்திரம் கிடையாது. படகில் கயிறு பிடித்து நின்றவரின் கவனம்தான் கீழே போனவரின் உயிர். இறங்குமுன் கயிற்றைப் பார்க்காமல் யாராவது குதித்திருப்பார்களா? மழை ரோட்டில் லாரிக்கு நடுவே போகும் நமக்குப் பிரேக் ஒயரும் செயினும் அந்தக் கயிறுதான்.

மாணவத் தம்பி தங்கைகளே, ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது நிமிஷம் போதும். ஆயில், காற்று, செயின், பிரேக், விளக்கு. வண்டியை ரிப்பேர் செய்யச் சொல்லவில்லை, பாருங்கள் என்கிறேன். தெரியாததை மெக்கானிக்கிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளும் வைக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன், நம் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் ஒருநாள் முகாம் நடத்துவோம். உப்பளத் தொழிலாளர், மீன் விற்பவர், நம் கல்லூரியின் துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் வண்டிகளுக்கு இலவசப் பரிசோதனை. அந்தப் பட்டறை மெக்கானிக்கை நாம் மரியாதையோடு அழைத்து முன்னால் நிறுத்துவோம். மாணவர்கள் அவரிடம் கற்றுக்கொள்ளட்டும். முதல் முகாமுக்கான ஆயில் செலவு என்னுடையது.

அண்ணாச்சியின் மொபெட் இப்போது ஓடுகிறது. தினமும் காலையில் வாசலில் நிறுத்திவிட்டு எதிர்வீட்டிலிருந்து குரல் கொடுப்பார்: "தம்பி, ஆயிலைப் பாத்துட்டேன்!" கிண்டல்தான். நானும் என் வண்டி ஆயிலைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.