நாவிழந்தோருக்கு நவீன மருத்துவம்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நோயாளியை நலம் விசாரிப்பது முஸ்லிமின் கடமை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்துள்ளார்கள். ஆனால் பக்கவாதத்தாலோ நரம்பு நோயாலோ பேச்சிழந்து கிடப்பவரைக் காணச் செல்லும்போது நாம் என்ன செய்கிறோம்? "இவருக்கு நினைவு இருக்கிறதா?" என்று வீட்டாரிடம் கேட்கிறோம். மருத்துவச் செலவையும் சொத்துப் பங்கையும் அவர் காதுபடவே பேசிவிடுகிறோம். நாவு அடங்கியதால் அறிவும் அடங்கிவிட்டது என்று எண்ணிவிடுகிறோம்.

இவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதை அண்மைக்கால விஞ்ஞானம் காட்டியிருக்கிறது. ஏ.எல்.எஸ். என்பது தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கும் நோய். அதனால் பேச்சுக் குழறிப்போன 45 வயதான ஒருவருக்கு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக மருத்துவர்கள் 2023 ஜூலையில் அறுவை செய்து, மூளையில் பேச்சுக்குரிய அசைவுகளை ஆளும் பகுதியில் 256 நுண்ணிய மின்முனைகளைப் பதித்தனர்.

அவர் பேச முயலும்போது நரம்பணுக்களில் எழும் மின்துடிப்புகளை அம்மின்முனைகள் கணினிக்கு அனுப்புகின்றன. எந்தத் துடிப்பு எந்த ஒலிக்குரியது என்பதைச் செயற்கை நுண்ணறிவு கற்றுக்கொண்டு, ஒலிகளைச் சொற்களாகவும் சொற்களை வாக்கியங்களாகவும் கோக்கிறது. நோய்க்கு முன் பதிவான அவரது குரலைக் கொண்டே கணினி அவற்றை வாசிக்கிறது. சுமார் 97 விழுக்காடு சொற்கள் பிழையின்றி அமைந்தன என்று 2024இல் வெளியான ஆய்வுரை கூறுகிறது. தம் சொற்கள் முதன்முதலாகத் திரையில் தோன்றியபோது அவர் கண்ணீர் விட்டார்.

மூளைத்தண்டில் ஏற்பட்ட பக்கவாதத்தால் 18 ஆண்டுகள் பேச்சிழந்திருந்த ஒரு பெண்மணி, இத்தகைய கருவியால் நிமிடத்திற்கு 78 சொற்கள் பேசியதை 2023இல் சான் பிரான்சிஸ்கோ வளாக ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அந்தப் 18 ஆண்டுகளும் அவர் உள்ளத்தில் சொற்கள் இருந்தன. வெளிவர வழிதான் இல்லை!

பேச்சை மீட்கும் இக்கருவிகள் ஆராய்ச்சி நிலையில் உள்ளவை. கடையில் விற்பவை அல்ல. இவற்றின் பெயரால் எவரேனும் பணம் கேட்டால் ஏமாறாதீர்கள். மனத்துள் மட்டும் சொல்லிக்கொள்ளும் சொற்களையும் ஓரளவு கண்டறிய முடியும் என்று 2025இல் ஓர் ஆய்வு காட்டியது. ஒருவரின் உள்ளத்து இரகசியம் அமானிதம். அதைக் காக்கும் சட்டமும் கருவியோடு சேர்ந்தே வரவேண்டும். சிலி நாடு 2021இலேயே இதற்காகத் தன் அரசியல் சட்டத்தைத் திருத்தியது.

பக்கவாதம் கண்ட சிலருக்கு மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் குறையக்கூடும். ஆயினும் எவருக்கு எவ்வளவு விளங்குகிறது என்று பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

எனவே, நோயாளிக்கு முதலில் ஸலாம் சொல்லுங்கள். அவரைப் பார்த்துப் பேசுங்கள். "ஆம் என்றால் ஒருமுறை கண்ணை இமையுங்கள்" என்று கேட்டுப் பொறுமையாகக் காத்திருங்கள். இதற்கு அறுவையும் வேண்டாம், செலவும் இல்லை.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.