பால் குடிக்கும்போது வியர்க்கிற பிள்ளை



சேமிப்பு, கடன் பற்றி நிறையப் பேசிவிட்டோம். நான் பிள்ளைகளின் இதயத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுறேன்.

பிறக்கிற 1000 குழந்தைகளில் 8, 9 பேருக்கு இதயத்தில் பிறவிக் குறை இருக்கும். பலருக்கு ஓட்டை, அபூர்வமாகச் சிலருக்கு ரத்தக் குழாய்களே இடம் மாறியிருக்கும். இதயம் உருவாவது கர்ப்பத்தின் முதல் 2 மாதத்தில். நாள் தள்ளிப்போனதே பல பேருக்கு அப்போதுதான் தெரியும். அதனால் “கிரகணத்துல வெளிய வந்தா, அதான்” என்று தாயைக் குத்திப் பேசாதீங்க.

அடையாளம் என்ன? பால் குடிக்கும்போது விட்டு விட்டு மூச்சு வாங்கும், நெற்றி வியர்க்கும். எடை ஏறாது. அடிக்கடி நெஞ்சுச் சளி வரும். சிலதுக்கு அழும்போது நீலம் பாயும். நம்ம நிறத்தில் தோலில் தெரியாது, நாக்கைப் பாருங்க. ஓடுகிற பிள்ளை நடுவில் குந்திக் குந்தி உட்காரும். திருஷ்டி என்று கயிறு கட்டிவிட்டு இருந்துவிடக் கூடாது.

கொரோனா நேரத்தில் விரலில் மாட்டினார்களே, அதே மாதிரிக் கருவியைப் பிறந்த குழந்தையின் வலது கையிலும் காலிலும் வைத்துப் பார்க்கலாம். 95-க்குக் குறைந்தால் மறுபடி பார்க்கணும். 90-க்குக் கீழே என்றால் உடனே டாக்டர் பார்க்கணும். இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவில் குறை தெரிந்துவிடும். பிரசவமாகி வீட்டுக்குக் கிளம்பும் முன் “பார்த்தாச்சா?” என்று வாய்விட்டுக் கேளுங்க.

சின்ன ஓட்டை தானாக மூடலாம். பெரிய ஓட்டையை வருஷக்கணக்கில் விட்டால் நுரையீரலின் ரத்தக் குழாய் கெட்டுப்போய், பிறகு ஆபரேஷனே செய்ய முடியாமல் போகும்.

ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்தில் 2 முறை, அரசுப் பள்ளிக்கு 1 முறை வரும். வெளியூர் வேலைக்குப் போன குடும்பத்துப் பிள்ளைகள் அதில் விட்டுப்போகும். ஊர் திரும்பியதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. பிறவி இதய ஆபரேஷனும் அதில் வரும்.

அப்படியிருந்தும் ஏன் சீட்டு வீட்டுப் பெட்டியிலேயே கிடக்குது? வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சி, அங்கிருந்து சென்னை. பஸ் காசு, விட்டுப்போகும் கூலி, வீட்டில் இருக்கிற மற்ற பிள்ளைகள். இதற்கு அட்டை உதவாது, நம்ம குழுதான் உதவணும். உள்கடனில் வழிச்செலவுக்கு முதலிடம் கொடுங்க. ஒருத்தி கூடப் போகணும், இன்னொருத்தி பிள்ளைகளைப் பார்த்துக்கணும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: “நம்ம தெருவில் எந்தப் பிள்ளை பால் குடிக்கத் திணறுது?”