அனுமதி மறுக்கப்பட்ட பின்



கரம்பொன்னில் எங்கள் அயலிலே முதியவர் ஒருவர் இருந்தார். காணி எல்லை பற்றிய அவருடைய வழக்கு பல்லாண்டு நடந்தது. மாவட்ட நீதிமன்றிலும் யாழ்ப்பாணத்து மேன்முறையீட்டிலும் அவர் தோற்றார். இறுதியில், மேலும் முறையிடுவதற்கு உயர் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. அக்கட்டளையுடன் என்னிடம் வந்தவர், "தம்பி, இல்லையென்ற இந்தச் சொல்லுக்கு மேலே கோடு எது?" என்று கேட்டார்.

நான் சட்டம் பயின்றவனல்லன். எனினும் அக்கேள்வி என்னை விடவில்லை.

முதல் மேன்முறையீடு பெரும்பாலும் உரிமை. அதற்கு மேற்பட்டது அனுமதியின் பாற்பட்டது. 2006 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மாகாணக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்ப்பவர் உயர் நீதிமன்றத்தின் அனுமதியை முன்னரே பெறல் வேண்டும்.

இந்த அனுமதி மறுக்கப்பட்டால், மறுப்பின்மீது முறையிடலாமா? லேன் எதிர் எஸ்டெயில் என்னும் வழக்கில், 1891 இல், இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை முடியாது என்று விடையிறுத்தது. வீண் முறையீடுகளைத் தடுக்கவே அனுமதி என்னும் வாயில் அமைக்கப்பட்டது. மறுப்பையும் முறையீடு செய்யலாமென்றால், அனுமதி தகுமா என்று காண முழு வழக்கையும் மீளக் கேட்க நேரும். அப்பொழுது வாயில் இருந்தும் பயனில்லை.

எங்கள் அரசியலமைப்பு ஓரிடத்தில் இக்கடுமையைத் தளர்த்தியிருக்கிறது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அனுமதி மறுத்தாலும், 128 ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றம் விசேட அனுமதி வழங்கலாம். பொது முக்கியத்துவமுள்ள வினா எழுமாயின் வழங்கியே ஆகவேண்டும். 1990 ஆம் ஆண்டு விதிகளின்படி இதற்குரிய கால எல்லை ஆறு வாரம். ஆனால் உயர் நீதிமன்றமே மறுத்துவிட்டால் அதற்கு மேலே மன்றில்லை. இலண்டன் கோமறைக் கழகத்துக்குச் செல்லும் வழியும் 1971 இல் அடைக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் தன் தீர்ப்பை மீள விசாரிக்கும் அதிகாரமுடையதன்று என்றும், சட்டத்தைக் கவனியாது நேர்ந்த பிழையை மட்டும் திருத்தலாம் என்றும் 1996 இல் வெளியான தீர்ப்பொன்று கூறுகிறது.

இதிலே வருத்தம் இல்லாமலில்லை. பிழையான தீர்ப்பொன்று அப்படியே நின்றுவிடவும் கூடும். ஆயினும் வென்றவரையும் எண்ணிப் பாருங்கள். முறையீட்டுக்கு முடிவில்லையேல் பணமுள்ளவர் ஏழையை அலைத்தே ஓய்த்துவிடுவார். முடிவு என்பது எளியவனுக்கும் ஒரு காவல்.

இன்னுமொன்று. அனுமதி மறுத்தல் கீழ் மன்றின் தீர்ப்பு முற்றும் சரியென்று கூறுதலாகாது. மேல் மன்று ஆராயத்தக்க சட்ட வினா இதில் இல்லை என்பதே அதன் பொருள். ஆகவே, பட்ட துன்பத்தை மட்டும் விரித்துரைத்தல் போதாது. சட்ட வினாவைத் தெளிவாக எடுத்துக்காட்டும் விண்ணப்பத்தைக் காலந் தாழ்த்தாது தகுந்த சட்டத்தரணி வாயிலாகச் சமர்ப்பித்தல் வேண்டும். அந்த ஒரே வாய்ப்பைக் கவனமின்றி இழந்தோர் பலர்.

நான் சொன்னதை முதியவர் மௌனமாகக் கேட்டார். அடுத்த மாரிக்கு முன் புதிய எல்லையிலே வேலி அடைக்கப்பட்டது. முதற் கதியாலை நட்டவர் அவரே.