குடி நோயா, குற்றமா?

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் பிரிவினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குடியால் வேலை போன ஒருவருக்காக நாம் பேசப் போனால், துரைமார் கேட்பது ஒன்றுதான்: "குடிகாரனுக்காகவா சங்கம் வருகிறது?" லயத்துப் பெண்களும் சில வேளை அதையே கேட்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே கேள்வி அல்ல. துரைக்குச் சொல்லும் பதில் வேறு, தாய்மாருக்குச் சொல்லும் பதில் வேறு.

முதலில் துரைக்கு. ஒரு காலத்தில் அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் குடிகாரர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பின. 1956இல் அந்நாட்டு மருத்துவச் சங்கம், இதுவும் ஒரு நோய், மற்ற நோயாளிகளைப் போல இவர்களையும் சேர்த்துப் பாருங்கள் என்றது. உலக சுகாதார தாபனத்தின் நோய்ப் பட்டியலிலும் இது இருக்கிறது. நமக்கு அதைவிட முக்கியமானது, சர்வதேச தொழிலாளர் தாபனம் 1996இல் வெளியிட்ட நடைமுறைக் கோவை. குடிப் பிரச்சினையை வேலைத்தலத்தில் மற்ற எந்த சுகாதாரப் பிரச்சினையையும் போலப் பாகுபாடின்றிக் கையாள வேண்டும் என்று அது சொல்கிறது. விசாரணை மேசையில் வைக்க வேண்டியது இதைத்தான்.

அதற்காகச் சம்பளத்தன்று குடித்துவிட்டு ஆடுகிற எல்லாரும் நோயாளி என்று நாம் சொல்லவில்லை. விடிந்ததும் கை நடுங்கி, ஒரு மிடறு உள்ளே போனால்தான் கவ்வாத்துக் கத்தியைப் பிடிக்க முடிகிறதே, அவர்தான் நோயாளி. "ரோஷம் இருந்தால் விடுவான்" என்று அவரிடம் சொல்லிப் பயனில்லை. உடம்பே சாராயத்துக்குப் பழகிப்போயிருக்கிறது.

இங்கே ஒரு ஆபத்தை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். மாலை போடுகிறோம், கோயிலில் சத்தியம் வாங்குகிறோம், கயிறு கட்டுகிறோம். நல்லதுதான். ஆனால் பல வருடம் நாள் தவறாமல் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், முதலில் நடுக்கமும் வியர்வையும் வரும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாளில் இல்லாததைக் காண்பார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், ஆள் அடையாளம் தெரியாமல் கத்துவார். பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியிடம் கூட்டிப்போவார்கள். அது பேய் அல்ல. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் உயிரே போகலாம். இதற்கு மருந்து இருக்கிறது, விற்றமின் ஊசி இருக்கிறது. ஆகவே விடுவதற்கு முன்பே அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொல்லுங்கள். பிறகு சாமியிடம் போகலாம், யாரும் தடுக்கவில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் பேசலாம்.

இனித் தாய்மாருக்கு. "நோய் என்றால் அடித்ததற்கும் மன்னிப்பா?" என்று கேட்கிறீர்கள். இல்லை. சீனி வியாதிக்காரர் அடிப்பதில்லை, காசம் உள்ளவர் பிள்ளையின் கொப்பி வாங்கும் காசைப் பறிப்பதில்லை. கை நடுக்கம் நோய், கை ஓங்குவது குற்றம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். எதிராளி நம் அங்கத்தவராக இருந்தாலும் மாதர் பிரிவு கூட வரும். மனைவியின் சம்பளத்தைப் புருஷன் போய் வாங்கும் பழக்கத்துக்கும் சங்கம் துணை நிற்காது.

போயா நாளில் சாராயக் கடை மூடியிருக்கும். கசிப்பு விற்கிறவனுக்குப் போயா கிடையாது. அவன் யார், எந்த லயத்தில் விற்கிறான் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். தேர்தல் காலத்தில் போத்தலோடு வருகிறவரையும் தெரியும். நம் கொடியைப் பிடித்து வந்தாலும் அவரைத் திருப்பி அனுப்புங்கள்.

கடைசியாகத் தலைவர்மாருக்கு ஒரு வேலை. குடி காரணமாக ஒருவருக்கு விசாரணைக் கடிதம் வந்தால் அன்றே அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். விசாரணை நாளில் கிளினிக் துண்டு நம் கையில் இருக்க வேண்டும். சிகிச்சைக்குப் போகும் நாட்களைச் சுகயீன லீவாகக் கேட்போம். அவர் கிளினிக்குக்குப் போகிறாரா என்று வீட்டில் விசாரிப்பதும் உங்கள் பொறுப்பு.