ஊர்த்தீயும் ஒரே கட்டளையும்



வீடு பற்றிய பின் கிணறு வெட்டலாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. கிணறும் வாளியும் ஆட்களும் இருந்தும், ஏவுவார் ஒருவர் இல்லாவிடில் ஊர் வெந்து போகும். இதனை ஆஸ்திரேலியாவிலுள்ள விக்டோரியா மாகாணத்தார் பெருநஷ்டமடைந்தே கற்றுக்கொண்டனர்.

அங்கு ஜனவரி மாதம் கடுங்கோடை. 1939-ம் வருஷம் ஜனவரி 13-ந் தேதி, ஆங்காங்கே எரிந்துகொண்டிருந்த நெருப்புக்கள் வெப்பக் காற்றினால் ஒன்று கூடின. அக்கோடைத் தீயில் 71 பேர் மாண்டனர். விசாரணை செய்த நீதிபதி ஸ்ட்ரெட்டன், அவற்றுட் பெரும்பாலானவை மனிதர் மூட்டியவையே என்று கண்டார். மேய்ச்சற் புல் தழைக்கவும் நிலம் திருத்தவும் இட்ட நெருப்பு அவை. காட்டிற்கு ஓர் இலாகா, பட்டணத்திற்கு ஒரு சபை, கிராமத் தொண்டர்கள் தனித்தனி என்றிருந்தமையால் ஒருமித்த முயற்சி இல்லை. 1943-44 கோடையிலும் தீ மூண்டு அநேகர் மாண்டனர். அதன் பின்னரே, 1945 ஏப்ரல் 2-ந் தேதி, நாட்டுப்புறத் தீயணைப்பு அதிகார சபை வேலை தொடங்கிற்று.

அதன் அமைப்பு நம் சங்கங்களைப் போன்றதே. அடியில் இருப்பது ஊர்ப்படை. விவசாயி, கடைக்காரர், உபாத்தியாயர் முதலியோர் சம்பளமின்றி அதிற் சேர்கின்றனர்; தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கின்றனர். அண்டைப் படைகள் பல சேர்ந்தது ஒரு தொகுதி. தொகுதிகள் ஜில்லாவிலும், ஜில்லாக்கள் ஐந்து பிரதேசங்களிலும் அடங்கும். யாவற்றிற்கும் மேல் பிரதம அதிகாரி. வண்டி, ரேடியோ, பயிற்சி ஆகியவற்றைச் சபை அளிக்கிறது. ஊர்ப்படைகள் ஏறக்குறைய 1,200 உள்ளன. 2020 ஜூலை முதல், மெல்போர்ன் நகரிலும் பெரிய ஊர்களிலுமுள்ள சம்பள வீரர்கள் வேறொரு ஸ்தாபனத்தின் கீழ் உள்ளனர். நாட்டுப்புறச் சபை தொண்டர்களுடையதாகவே நிற்கிறது.

தீயென்று செய்தி வந்தால் அண்மையிலுள்ள படை புறப்படும். முதலில் சேரும் அதிகாரியே கட்டளையிடுவார். தம் ஆட்கள் போதாவிடில் ரேடியோ மூலம் அண்டைப் படைகளை அழைப்பார். வந்தவர் யாவரும் ஒரே கட்டளைக்கு அடங்குவர்; எவ்வூரார் பெரியவர் என்ற வழக்கு அங்கு எழாது. அபாயமான நாட்களில் சபை முன்னறிவிப்புச் செய்து, வெளியில் எவரும் நெருப்பு மூட்டலாகாதென்று தடுக்கிறது. மீறினால் தண்டனை உண்டு.

இதிலிருந்து கிராமவாசிகள் அறியத்தக்கது ஒன்று. தலைவரைத் தெரிந்தெடுக்கும் நாள் தீ மூளும் நாளன்று. அது வெகு முன்னரே வரவேண்டும். எந்தக் கிணற்றில் நீர் உண்டு, கயிறும் வாளியும் யாரிடம், கிழவரையும் குழந்தைகளையும் கால்நடைகளையும் யார் வெளியேற்றுவது என்பவற்றை அடுத்த கோடைக்கு முன் சங்கக் கூட்டத்தில் நிச்சயிப்பீர்களாக. ஒற்றுமைக்குப் பணம் வேண்டுவதில்லை, முன்யோசனையே வேண்டும்.