ஆசிரியரிடம் எதைக் கணக்குக் கேட்பது?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களே, பள்ளி வாரியப் பெரியோர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, என் சக ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே, பரிசு வாங்கிய மாணவச் செல்வங்களே, பரிசு வாங்காமல் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே!  

கடைசியாகச் சொன்னேனே, பரிசு வாங்காத பிள்ளைகள் என்று, அவர்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இன்று பேசப் போகிறேன். விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஆசிரியர் தரமும் பொறுப்பும்'. முப்பது வருஷத்துக்கு மேல் சாக்கட்டி பிடித்தவனிடம் இந்தத் தலைப்பைக் கொடுத்தால், அவன் மற்றவர்களுக்குப் புத்தி சொல்வதற்கு முன்னால் தன் கணக்கை ஒப்புவிக்க வேண்டும் அல்லவா? அதையும் செய்வேன். அதற்கு முன், நாம் எங்கிருந்து வந்தோம் என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

இந்நாட்டில் தமிழ்க் கல்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1816-ஆம் ஆண்டில் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து அதைக் கணக்கிடுகிறோம். ஆனால், நம் பாட்டன் பூட்டன் படித்தது தோட்டப் பள்ளியில்தான். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அந்தத் தோட்டத்தில் ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்று சொன்னது. பள்ளி வை என்றது சட்டம். நல்ல வாத்தியாரை வை என்று அது வற்புறுத்தவில்லை! பல தோட்டங்களில் ஒரு கொட்டகை எழும்பியது. படிக்கத் தெரிந்த கங்காணியோ, கிராணியோ அங்கே வாத்தியாராக நின்றார். எல்லா வகுப்புக்கும் அவர் ஒருவரே. பயிற்சி என்பதை அவர்களில் பலர் கண்டதே இல்லை.

அவர்களைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. மணலில் விரலால் எழுத வைத்தாவது 'அ'னா 'ஆ'வன்னா சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள். இருட்டில் ஏற்றிய குத்துவிளக்கு அது. அன்றைக்குக் கேள்வி, "வாத்தியார் இருக்கிறாரா?" என்பதுதான்.

இன்றைக்கு நிலைமை வேறு. சுதந்திரம் அடைந்த 1957-இல் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புப் பகுதிகளாக மாறியும், இன்று 530 அளவில் நிற்கின்றன. ஆனால் அவற்றில் கற்பிப்பவர் ஆசிரியர் கல்விக் கழகத்திலோ பல்கலைக் கழகத்திலோ பட்டம் பெற்று, அரசாங்கச் சம்பளம் வாங்குபவர். ஆகவே கேள்வியும் மாறிவிட்டது. "இருக்கிற வாத்தியார் என்ன செய்கிறார்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?" இதுதான் இன்றைய கேள்வி.

இதற்கு மிகச் சுலபமான விடை ஒன்று உண்டு. பரீட்சை வை, மதிப்பெண்ணைப் பார், ஆசிரியரை எடை போடு! உலகத்தில் பெரிய பெரிய நாடுகளே இந்த வழியில் போய்ப் பார்த்திருக்கின்றன. இங்கிலாந்தில் 1862-இல் ஒரு விதி வந்தது. நசீர் பள்ளிக்கு வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். தேறிய பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்துப் பள்ளிக்கு மானியம். நடந்தது என்ன? பிள்ளைகள் வாசிக்கப் பழகுவதற்குப் பதிலாக, வாசகப் புத்தகத்தையே மனப்பாடம் செய்தார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாலும் பாடம் பிசகாமல் வரும்! அந்நூற்றாண்டு முடிவதற்குள் அம்முறையைக் கைவிட்டார்கள்.

அமெரிக்காவில் 2002-ஆம் ஆண்டில், எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது என்ற பெயரிலேயே ஒரு சட்டம் கையெழுத்தானது. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் பரீட்சை. 2014-க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேற வேண்டும். தொடர்ந்து பின்தங்கும் பள்ளிகளுக்கு நடவடிக்கை. அச்சட்டத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்ததை மறுப்பதற்கில்லை. ஏழைப் பிள்ளைகள், சிறுபான்மை இனப் பிள்ளைகள் ஆகியோரின் தேர்ச்சியைத் தனித்தனியே காட்ட வேண்டும் என்றது. அதனால், கெட்டிக்காரப் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் மற்றவர்களை மறைக்க முடியாமற் போயிற்று. ஆனால், மதிப்பெண் ஒன்றுக்கே பயந்து நடுங்கும் பள்ளியில் என்ன நடக்கும்? அட்லாண்டா நகரில் 2009-இல் நடந்த தேர்வை மாநில அரசு விசாரித்தது. 44 பள்ளிகளில் முறைகேடு நடந்ததாகவும், ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களுமாக 178 பேருக்கு அதில் பங்கு உண்டு என்றும் 2011-இல் அறிக்கை வந்தது. பிள்ளைகளின் விடைத்தாளை ஆசிரியர்களே அழித்துத் திருத்தியிருக்கிறார்கள்! 2015-இல் பதினொரு பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. அதே ஆண்டு இறுதியில் அந்தச் சட்டமும் மாற்றப்பட்டது.

நாம் மட்டும் இளைத்தவர்களா? நமக்கு 1988 முதல் யூ.பி.எஸ்.ஆர். இருந்தது. 2014-இல் கேள்வித்தாள் கசிந்து, நாடு முழுவதும் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் சில பாடங்களை மறுபடியும் எழுத நேர்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எழுதிய பரீட்சையே செல்லாமற் போனது. 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். நிறுத்தப்பட்டது. ஆனாலும் அது நம் மனத்தில் ஊற வைத்த பழக்கம் இன்னும் போகவில்லை. "எத்தனை பேர் ஏழு ஏ?" இதுதான் பல ஆண்டுகளாக நம் சமூகம் தமிழ்ப் பள்ளியிடம் கேட்ட ஒரே கேள்வி.

இப்போது என் கணக்கைச் சொல்கிறேன்.

நான் ஒரு பள்ளியில் ஆறாம் ஆண்டு வகுப்பைப் பல வருஷம் எடுத்தவன். பள்ளியின் பெயர் வேண்டாம், குற்றம் என்னுடையது. ஒரு வருஷம் முப்பத்திரண்டு பிள்ளைகள். அவர்களில் ஏழு ஏ வாங்கக் கூடியவர்கள் ஆறு பேர் என்று ஜனவரியிலேயே எனக்குத் தெரியும். அவர்களை முன்னால் உட்கார வைத்தேன். மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, சொந்தச் செலவில் பயிற்சித் தாள், எல்லாம் கொடுத்தேன். கடைசி வாங்கிலே நாலு பையன்கள். "தொந்தரவு பண்ணாமல் பார்த்து எழுதுங்கடா" என்று கரும்பலகையைக் காட்டிவிட்டேன். அழகாகப் பார்த்து எழுதுவார்கள். நோட்டுப் புத்தகத்தைத் திறந்தால் முத்து முத்தான எழுத்து. நானும் சிவப்பு மையில் சரி போட்டுக் கொண்டே போனேன். எழுதியதை வாசிக்கத் தெரியுமா என்று ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஐந்து பேர் ஏழு ஏ. எனக்கு மாலை, பொன்னாடை, கைத்தட்டல்! கடைசி வாங்குப் பையன்கள் புகுமுக வகுப்புக்குப் போனார்கள். அதற்கப்புறம் நான் அவர்களை நினைக்கவும் இல்லை.

பல வருஷம் கழித்து, பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தேன். "சார்! நல்லா இருக்கீங்களா சார்?" என்று ஒருவர் வந்து கையைப் பிடித்தார். அந்த நால்வரில் ஒருவர். கிள்ளான் துறைமுகத்தில் லாரி வேலை. என்னைச் சாப்பிட வைத்துத் தானே காசு கொடுத்தார். பிறகு பையிலிருந்து சில தாள்களை எடுத்தார். மகளை ஒன்றாம் ஆண்டில் சேர்க்கும் பாரங்கள். "கொஞ்சம் நிரப்பிக் கொடுங்க சார். வீட்டுக்காரிதான் எழுதுவா, அவளுக்கு உடம்பு முடியல. எனக்கு எழுத வராது சார்" என்றார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. "ஏம்பா, என் வகுப்பில்தானே படிச்சே?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தீங்க சார். எனக்குத்தான் மண்டையில ஏறல."

பெற்றோர்களே, அந்த மனிதர் என்னை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என் தவறைத் தன் தவறாக அவர் இருபது வருஷம் சுமந்திருக்கிறார்! "எந்தப் பள்ளியில் சேர்க்கப் போகிறாய்?" என்றேன். "நம்ம தமிழ்ப் பள்ளிதான் சார், வேற எங்க?" என்றார்.

பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். பானைக்கு அது சரி. வகுப்பறைக்குச் சரியாகாது. ஐந்து பிள்ளைகள் வெந்திருப்பதால் மீதி இருபத்தேழும் வெந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அடியில் இருக்கிற சோற்றையும் எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். ஆசிரியரிடம் கேட்க வேண்டிய கணக்கு அதுதான்.

2023-ஆம் ஆண்டு ஜூலையில் கோத்தா கினபாலு உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. சபாவில் கோத்தா பெலுட் மாவட்டத்து இடைநிலைப் பள்ளி ஒன்றில், 2015-இல், ஆங்கில ஆசிரியர் ஏழு மாதங்கள் வகுப்புக்கே வரவில்லை. அவ்வகுப்பில் படித்த மாணவி வழக்குத் தொடுத்தார். கல்வி பெறும் உரிமை பறிக்கப்பட்டது என்று தீர்ப்பாகி, ஒன்றரை லட்சம் வெள்ளி இழப்பீடு கிடைத்தது. அந்த வழக்கில் பிரதிவாதியாக நின்றவர் ஆசிரியர் மட்டுமல்லர். பள்ளி முதல்வர், கல்வித் தலைமை இயக்குநர், அமைச்சர், அரசாங்கம் என்று எல்லாரும் நின்றார்கள். ஆசிரியர் ஒருவர் தவறினால் அவருக்கு மேலே இருப்பவர் அனைவருக்கும் அதில் பங்கு உண்டு என்பது இதன் பாடம்.

அந்த ஆசிரியர் வகுப்புக்கு வரவில்லை. நான் ஒரு நாளும் மட்டம் போட்டதில்லை. ஆனால் கடைசி வாங்கைப் பொறுத்தவரை நான் வராதவன்தானே? வருகைப் புத்தகத்தில் இது தெரியாது. சுவரை அலங்கரித்து வைக்கும் நாளில் நசீர் வந்து பார்த்தாலும் தெரியாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஆசிரியத் தம்பி தங்கைகளே! வாரம் ஒரு முறை, ஒவ்வொரு பிள்ளையையும் புதிய பத்தி ஒன்றைத் தனியே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிஷம் போதும். யார் எங்கே தடுக்கினார் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். அந்த நோட்டுதான் உங்கள் கணக்குப் புத்தகம்.

தலைமையாசிரியர்களே! குறை கண்டுபிடிக்க அல்லாமல், கூட இருந்து உதவ வகுப்பில் போய் உட்காருங்கள். அதுவும் கடைசி வாங்கில் உட்காருங்கள். அங்கிருந்து பார்த்தால் தெரிவது வேறு.

மேலிடத்தில் இருப்போருக்கும் ஒரு வார்த்தை. நூற்றைம்பது பிள்ளைகளுக்கும் குறைந்த தமிழ்ப் பள்ளிகள் ஏராளம். கிள்ளான் சிம்பாங் லீமா போன்ற பெரிய பள்ளியையும், இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஒரே அறையில் சேர்த்து நடத்தும் சின்னப் பள்ளியையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். பாரம் நிரப்புவதிலும் கணினியில் விவரம் ஏற்றுவதிலும் ஆசிரியரின் நேரத்தைத் தின்றுவிட்டு, பிறகு தரம் எங்கே என்று கேட்பது நியாயமாகாது.

பெற்றோர்களே! வகுப்புசார் மதிப்பீட்டில் உங்கள் பிள்ளையின் அடைவுநிலை 1 முதல் 6 வரை எது என்று பள்ளி எழுதித் தருகிறது. அதைக் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவதோடு விட்டுவிடாதீர்கள். "என் பிள்ளைக்கு எது வரவில்லை? அதற்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள், நான் வீட்டில் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். மரியாதையோடு கேளுங்கள், ஆனால் கேட்காமல் இருக்காதீர்கள். அந்த லாரிக்காரரின் தகப்பனார் என்னிடம் ஒரு தடவை வந்து கேட்டிருந்தால், நான் அன்றே விழித்திருப்பேன்.

அன்று அந்தப் பாரங்களை நான் நிரப்பிக் கொடுத்தேன். அவருடைய மகள் பிறகு எப்படிப் படித்தாள் என்று அவ்வப்போது விசாரித்துக்கொண்டும் வந்தேன். நன்றாக வாசித்தாள். அந்தப் புண்ணியம் அவளுடைய ஆசிரியையைச் சேரும், என்னைச் சேராது.

தன்னைக் கைவிட்ட பள்ளியையே நம்பித் தன் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறான் தமிழன். அது நம்மிடம் அவன் வைத்த கடன். பரிசு வாங்கிய செல்வங்களே, உங்களை மனமார வாழ்த்துகிறேன். பரிசு வாங்காத செல்வங்களே, நாளைக் காலை மணி அடித்ததும் உங்கள் ஆசிரியர் முதலில் உங்களைப் பார்த்து, "வாசி, கேட்கிறேன்" என்று சொல்லட்டும் என வாழ்த்தி விடைபெறுகிறேன்.