இரத்த அழுத்தம்: பழகிப்போகும் காவல்



நாங்கள் வார்டுகளில் சுற்றிவரும்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று உண்டு. "எனக்கு ஒண்ணும் செய்யலையே ஐயா, எதுக்கு பிரஷர் மாத்திரை?" காசிமேட்டில் மீன் கூடை தூக்குகிறவரும் கேட்கிறார், திருவொற்றியூர் ஆலையில் ஓய்வு பெற்றவரும் கேட்கிறார். நியாயமான கேள்விதான். நோயாளிகளைச் சந்திக்க வரும் உங்களிடமும் கேட்பார்கள் என்பதால், இன்று அதையே எடுத்துக்கொண்டோம்.

இரத்த அழுத்தத்தை முதன்முதலில் நேரடியாக அளந்தவர் வைத்தியர் அல்லர், ஒரு குருவானவர். இங்கிலாந்தில் டெடிங்டன் சபையின் ஸ்டீபன் ஹேல்ஸ், குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் எட்டு அடிக்கு மேல் ஏறிற்று. 1733-ல் அதை நூலாக வெளியிட்டார். (குதிரையின் பாடு பரிதாபந்தான்!)

நாம் படுக்கையை விட்டு எழுந்தவுடன் சுமார் அரை லிட்டர் இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. ஆனாலும் நாம் மயங்கி விழுவதில்லை. கழுத்துத் தமனியிலும், இருதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் வளைவிலும் நரம்பு நுனிகள் உள்ளன. குழாயின் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை ஒவ்வொரு துடிப்பிலும் அவை மூளையின் அடியிலுள்ள முகுளத்துக்குத் தெரிவிக்கின்றன. விரிவு குறைந்தால் இருதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. சில நொடிகளில் எல்லாம் சரியாகிவிடும்.

சிறுநீரகத்தின் வேலை மெதுவானது. எண்ணூர் வெயிலில் உழைப்பவர் வியர்வையாக நீரையும் உப்பையும் இழந்தால், அது ரெனினைச் சுரக்கிறது. அதனால் உண்டாகும் ஆஞ்சியோடென்சின் குழாய்களைச் சுருக்குகிறது. உப்பு வெளியேறாதபடி ஆல்டோஸ்டிரோனையும் தூண்டுகிறது. கருவாடும் ஊறுகாயுமாக உப்பு மிஞ்சினாலோ, பலருடைய உடல் அழுத்தத்தைக் கூட்டித்தான் அதை வெளியே தள்ள முடிகிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் வீட்டுக் குழம்புக்கு அது கடினமான கணக்கு.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். அழுத்தம் நாள்கணக்கில் உயர்ந்தே இருந்தால், அந்த நரம்பு நுனிகள் உயர்ந்த அளவையே சரியான அளவாக ஏற்றுக்கொள்கின்றன. துறைமுக வாயிலில் தினமும் அதிகப் பாரத்தோடு போகும் லாரியைக் காவலர் நிறுத்தாமல் விட்டுவிடுவதுபோல! ஆகவேதான் பெரும்பாலோருக்கு 160 இருந்தும் ஒன்றும் செய்வதில்லை. ஆனால் இருதயச் சுவர் தடிக்கிறது, சிறுநீரகம் கெடுகிறது. ஒரு நாள் பக்கவாதத்தோடு தூக்கி வருகிறார்கள்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வாங்கி வைத்துவிட்டு விழுங்காதவர்களும் உண்டு. மாத்திரை தொடங்கிய புதிதில் எழுந்து நின்றால் சிலருக்குத் தலை சுற்றும். "மாத்திரைதான் கெடுத்தது" என்று நிறுத்திவிடுவார்கள். உயர்ந்த அளவுக்குப் பழகிய உடல் தாழ்ந்த அளவுக்குப் பழகச் சில வாரங்கள் பிடிக்கலாம். கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழட்டும். சுற்றல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லட்டும். அளவைக் குறைப்பதோ மாற்றுவதோ அவர் பார்த்துக்கொள்வார்.